கை தூக்காத டென்சியோ

துருவி முடித்த கொட்டாங்கச்சியை டென்சியோ திரும்பிப் பார்க்காமல் இடது தோளுக்கு மேலே விசிறுகிறார். ஆறடி பின்னால் சுவரோரம் நிற்கும் தகர டிரம்முக்குள் அது போய் விழுகிறது. விளிம்பில் இடித்துக்கொண்டு விழுந்தால் முகம் சுளிப்பார். சத்தமில்லாமல் உள்ளே இறங்கினால் மட்டும் "ரெண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். சான் இசித்ரோ சந்தையில் தேங்காய் துருவ வருகிற பெண்கள் எல்லோரும் அவர் கடைக்கு வலது பக்கமாகவே வரிசை கட்டுவது இதனால்தான். இடது பக்கம் வந்து நிற்கிறவர் வெளியூர் என்று தெரிந்துகொள்ளலாம்.

"கொஞ்சம் வெரசா துருவுங்கண்ணே. வீட்ல கறி அடுப்புல கொதிக்குது."

"கடைசி ரெண்டு நிமிஷம்தான் தாயி. ஆட்டமே இப்பத்தான் சூடு பிடிக்குது."

இப்படித்தான் பேசுவார். திடீர் மழை அவருக்கு ஃபவுல். மின்சாரம் போய் மெஷின் நின்றால் டைம் அவுட். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் கூடுதல் நேர ஆட்டம். வீட்டில் மனைவி நெனித்தாவோடு வாய்ச்சண்டை முற்றும்போது ஒரு கையை நிமிர்த்தி, அதன்மேல் இன்னொரு கையைப் படுக்கவைத்து டைம் அவுட் கேட்பார். "ஒரு பாதிக்கு ரெண்டுதான். ரெண்டையும் காலையிலேயே தீர்த்துட்டே," என்று சொல்லிவிட்டு நெனித்தா விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

ஆள் ஐந்தடி ஐந்தங்குலம்தான். கூடைப்பந்து ஆடுகிறவர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் இபாபா பேட்டையில் கூடைப்பந்து ஆடாத ஆண்பிள்ளை என்று யாரைத்தான் காட்டுவது? அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதிரியாரே இறங்கிவிடுகிறார். டென்சியோவை யாரும் சம்பளம் கொடுத்து ஆடக் கூப்பிட்டதில்லை. ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் பேட்டைகளுக்குள் தொடங்குகிற லீக், அக்கம்பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ஒரு தட்டு பன்றி வறுவலுக்காக ஆடுகிற ஒற்றை ஆட்டங்கள், இவ்வளவுதான். பதினோரு வயதில் தொடங்கி முப்பத்து நான்கு வருடமாக ஒரு சீசன்கூட விட்டதில்லை. கேட்டால் இதுதான் தொழில் என்பார். தேங்காய் துருவுவது வயிற்றுக்கு.

கடையில் அவர் முன்னால் கட்டியிருக்கும் துணியும் பழைய ஜெர்சிதான். முதுகில் அவர் பெயர், எட்டாம் நம்பர். நெஞ்சில் அந்தந்த வருடம் ஜெர்சி தைத்துக் கொடுத்த தேர்தல் வேட்பாளரின் பெயர். ஜெயித்தவர்களின் ஜெர்சியை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். தோற்றவர்களின் ஜெர்சியால் மெஷினைத் துடைக்கிறார். இரண்டு முழங்காலிலும் எலாஸ்டிக் பட்டை. பக்கத்தில் போனால் தேங்காய் வாசனையும் வலித் தைலத்தின் வாசனையும் கலந்து வரும்.

இபாபா ஆடுகளத்தின் கிழக்கு வளையம் இடது பக்கமாகச் சாய்ந்தது. ஒரு புயலில் தென்னை சாய்ந்து விழுந்த அடி. மற்றவர்கள் அதைச் சபித்துக்கொண்டே ஆடினார்கள். டென்சியோ அந்தக் கோணலையே பாடமாக எடுத்துக்கொண்டார். இடது மூலையில் நின்று, பலகையில் துருப்பிடித்த ஒரு ஆணியைப் பார்த்து அடிப்பார். பந்து ஆணியில் பட்டு வளையத்துக்குள் வழுக்கி இறங்கும். வாலிபத்தில் ஒருமுறை மாகாணத் தலைநகரில் ஒரு கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பதினோரு முறை அடித்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை. "அவங்க வளையம் நேரா இருந்துச்சு. நேரா இருக்கிற வளையத்துல எவன் ஆடுவான்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

பிற்பாடு பேட்டைத் தலைவர் இரண்டு பக்கமும் புது வளையம் மாட்டத் தீர்மானித்தபோது எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தியவர் டென்சியோ. பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. அதில் நான்கு அவர் வீட்டிலிருந்தே. கடைசியில் மேற்குப் பக்கம் புது வளையம், கிழக்கே பழைய கோணல் என்று சமாதானமானார்கள். அதனால் இபாபாவில் முதல் பாதியில் ஒரு டென்சியோவையும் இரண்டாம் பாதியில் வேறொரு டென்சியோவையும் பார்க்கலாம்.

ஆனால் ஊர் அவரை வேறொன்றுக்காகத்தான் பார்க்க வரும். எங்கள் லீக்கில் நடுவர் ஊதி ஃபவுல் என்று சொன்னால், செய்தவர் வலது கையை நேராக மேலே தூக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர் நம்பரைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை கை இறங்கக் கூடாது. எப்பேர்ப்பட்ட முரடனும் முணுமுணுத்துக்கொண்டாவது தூக்கிவிடுவான். டென்சியோ மட்டும் தூக்கியதே இல்லை. விசில் கேட்டதும் யார் என்று தேடுவதுபோலச் சுற்றிலும் பார்ப்பார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

"நானா? தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்! காத்து தள்ளிச்சு சார், காத்து!"

கூட்டம் "கை! கை! கை!" என்று தாளம் போடும். நடுவர் நடந்து வந்து, அவரைத் திருப்பி நிறுத்தி, முதுகில் எட்டாம் நம்பர் மேல் விரலை வைத்து மேசைக்குக் காட்டுவார். அவ்வளவு நேரமும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டே நிற்பார் டென்சியோ. "கையைத் தூக்கினா ஒத்துக்கிட்டதா ஆயிடும். அவர் பார்த்தது அவர் கண்ணோட. என் கை என்னோடதுல்ல?" என்பது அவர் வாதம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு கிரீடம் சூட்டிய நாள் உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு முன், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவின் இறுதி ஆட்டம். நகர மண்டபத்துக்குப் பக்கத்துக் களத்தில் எங்கள் இபாபாவும் மேட்டுப் பேட்டையான இலாயாவும் மோதின. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கும்போது, அடிக்கத் துள்ளிய இலாயா பையனின் முழங்கையை டென்சியோ பிடித்து இழுத்துவிட்டார். சந்தை மணிக்கூண்டில் நின்றவர்களுக்கே தெரிந்தது. விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ.

டென்சியோ கை தூக்கவில்லை. பத்து நிமிடம் வானத்தைக் கூப்பிட்டார், நடுவரிடம் மண்டியிட்டார், மேசைக்குப் போய் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடமும் அந்த இலாயா பையன், பதினெட்டு வயது ஹில்யோ, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டருகே தனியாக நின்றான். கடைசியில் அடித்தபோது முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

இபாபாவின் ஒரே ஜூனியர் கோப்பை அது. பேட்டை அலுவலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குறி தவறினால் 'மின்டிஸ்' என்போம். ஹில்யோவுக்கு அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. இன்று அவர் இலாயாவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறார். பலகையில் 'ஹில்யோ' என்று அழகாக எழுதியிருக்கிறது. வழி கேட்டால் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். "மின்டிஸ் கடைதானே? நேராப் போய் இடது பக்கம்" என்பார்கள்.

கணக்கில் கெட்டியானவர்கள் இந்நேரம் ஒரு இடத்தில் இடறியிருப்பார்கள். பதினோரு வயதில் தொடங்கி முப்பத்து நான்கு வருடம் ஆடியவருக்கு இன்று நாற்பத்தைந்து. அப்படியானால் இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவருக்கு இருபது. பதினெட்டுக்கு உட்பட்டோரின் ஆட்டத்தில் இருபது வயதுக்காரருக்கு என்ன வேலை?

டென்சியோ இந்த ஊரில் பிறந்தவரில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவோடு மின்டோரோ தீவிலிருந்து கொப்பரைப் படகில் வந்து இறங்கியவர். தீவில் அவர் பிறப்பை யாரும் பதிவு செய்திருக்கவில்லை; பாதிப் பேருக்கு அப்படித்தான். அடுத்த வருடம் லீக்குக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். அப்போது பேட்டைச் செயலாளராகவும் பயிற்சியாளராகவும் இருந்த இனோங் அவரை நகர மண்டபத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு சாட்சி வைத்து, தாமதப் பதிவு செய்துகொடுத்தார். வருடத்தை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. "மூணைக் குறைச்சுக்கலாம்டா. உன் உசரத்துக்கு ஒரு பய கேட்கமாட்டான்." ஒருவரும் கேட்கவில்லை. இனோங்கும் போய்ச் சேர்ந்தார், டென்சியோவின் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். காகிதம் மட்டும் நிலைத்துவிட்டது.

காகிதம் எழுதியதை வாழ்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. நெனித்தா உண்மையில் அவரைவிட இரண்டு வயது இளையவள். காகிதத்தில் ஒரு வயது மூத்தவள். சின்னப் பையனை வளைத்துப்போட்டவள் என்று சந்தைப் பெண்கள் இன்றுவரை அவளைச் சீண்டுகிறார்கள். அறுபது வயதுக்காரர்களுக்குப் பஸ்ஸில் கிடைக்கிற சலுகை அவருக்கு மூன்று வருடம் பிந்தித்தான் வரும். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஹில்யோ நெனித்தாவின் பெரியப்பா மகன். கல்யாணத்தன்றே முறை வைத்துக் கூப்பிட வேண்டி வந்தது. தன்னைவிட இரண்டு வயது இளையவரை டென்சியோ இத்தனை வருடமாக "அண்ணே" என்று கூப்பிட்டு வருகிறார். அவரும் "தம்பி, தம்பி" என்று தோளில் தட்டிக்கொடுக்கிறார்.

அந்த 'அண்ணே' முதல் சில வருடம் டென்சியோவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு மறுநாள் பேட்டை அலுவலகச் சுவரில் அணிப் பட்டியல் ஒட்டினார்கள். டென்சியோ மேலிருந்து கீழே வாசித்தார். கீழிருந்து மேலே வாசித்தார். தாளின் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று ஓரத்தைத் தூக்கியும் பார்த்தார். பயிற்சியாளனுக்கு இருபத்தாறு வயது. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன்.

"அண்ணே, நீங்க எங்ககூடவே பெஞ்சுல இருங்க. உங்க வாய் இல்லாம அணி ஏது? தண்ணி பாட்டில் பொறுப்பு முழுக்க உங்களோடது."

டென்சியோ அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று சந்தையில் டிரம் விளிம்பில் கொட்டாங்கச்சி இடிக்கிற சத்தம் ஓயவில்லை. கடை வாசலில் வலது பக்கம் நின்ற பெண்கள்கூட இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் முதல்முறையாக ஜெர்சி இல்லாத ஒரு கோடைக்காலம். அழவில்லை என்று அவர் சொல்கிறார். மெஷின் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை மீன்கடைக்காரி பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் ருஃபோ வந்தான். அந்தப் பழைய இறுதி ஆட்டத்தில் கூட ஆடியவன். இப்போது எரிவாயு சிலிண்டர் போடுகிறான். ஜெயித்த மெடலை இன்றும் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறான்.

"இந்த வருஷம் நாற்பத்தஞ்சும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்குப் புதுசா ஒரு பிரிவு வருது. நம்ம பேட்டைக்கு நான்தான் மேனேஜர். உனக்கு இடம் இல்லையே. மூணு வருஷம் பொறுத்துக்க."

"மூணு வருஷமா? என் முழங்கால் மூணு மாசம் தாங்குமான்னே தெரியல. ருஃபோ, எனக்கு நாற்பத்தஞ்சு ஆச்சு."

ருஃபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வயசைக் குறைச்சுச் சொல்றவனை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். கூட்டிச் சொல்றவனை இப்பத்தான்டா பார்க்கிறேன்!"

"பதிவு பண்ணும்போது எழுத்தர் தப்பா எழுதிட்டார்."

சொன்னது அவ்வளவுதான். அடுத்த வாரம் கப்பலேறி மின்டோரோவுக்குப் போய், தான் பிறந்த ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து சான்று வாங்கி வந்தார். அதில் வருடம் சரியாக இருந்தது. திரும்புகிற கப்பலில் அதை மூன்று முறை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தாராம். தன் உண்மையான வயதைக் காகிதத்தில் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

நெனித்தா அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள்.

"எழுத்தர் தப்புன்னு சொல்லப் போறியா?"

"ஆமா. அப்படித்தானே…"

"எழுத்தர் நீ சொன்னதைத்தானே எழுதினார்?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சின்னப் பையனை வளைச்சவள்னு சந்தையே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. போனா போகுதுன்னு விட்டேன். ஹில்யோ அண்ணன் மக பள்ளிக்கூடத்துல மெடல் வாங்க மேடை ஏறினாளே, நீயும்தானே இருந்தே? கூட்டத்துல எவனோ 'மின்டிஸ்!'னு கத்தினான். அந்தப் பொண்ணு மெடலை வாங்காமலே பாதியில நின்னுச்சு. அண்ணன் என்ன பண்ணினார் தெரியுமா? எழுந்து நின்னு கும்பிடு போட்டார், எல்லாரும் சிரிக்கட்டும்னு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு."

"நான் ஆடணும் நெனித்தா."

"ஆடு. யார் வேணாம்னா? ஆனா பாதி நிஜத்தை மட்டும் தூக்கிட்டுப் போகாத. அதுக்கு நீ பேசாம தண்ணி பாட்டிலையே தூக்கலாம்."

டென்சியோ டைம் அவுட் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை அவருக்கு.

முழு நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். களத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: பொய்ச் சான்று கொடுத்து ஆடியவருக்கு எப்போது தெரியவந்தாலும் இரண்டு சீசன் தடை. இரண்டு சீசன் கழித்து இந்த முழங்கால்கள் படியேறினாலே பெரிது. அதோடு கோப்பை போகும். ருஃபோவின் மெடல் போகும்.

சனிக்கிழமை முடி வெட்டப் போனார். மாதாமாதம் போவதுதான். ஹில்யோ துணியைப் போர்த்தி, பிடரியில் சோப்பு நுரை தடவி, சவரக்கத்தியைத் தீட்டினார். காதில் எப்போதும்போல ஒரு பேனா. லீக் கமிட்டிச் செயலாளர் அவர்தான். எந்த வீரரின் காகிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆடுவதை அந்த இறுதி ஆட்டத்தோடு விட்டுவிட்டவர்.

"ரெண்டு தடவை குறி தப்பினவன் கையில கழுத்தைக் குடுத்துட்டு எப்படித்தான் உக்காந்திருக்கியோ," என்றார். இது அவர் எல்லோரிடமும் சொல்கிற நகைச்சுவை. மற்றவர்கள் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடுவார்.

"அண்ணே…"

"சொல்லு தம்பி."

கண்ணாடியில் ஹில்யோவின் முகம் தெரிந்தது.

"பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைச்சிடுங்கண்ணே."

வியாழக்கிழமை பிற்பகல் இபாபா ஆடுகளத்தில் கூட்டம். களத்தின் ஒரு பாதியில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். மறு பாதியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான்கு பேட்டைகளின் பெருசுகள், தொப்பையும் முழங்கால் பட்டையுமாக. கிழக்கு வளையத்துக்கு அடியில் மேசை. ஹில்யோ மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக, வருடத்தோடு சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் முத்திரை குத்தினார். நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு என்று ஒவ்வொரு வயதுக்கும் பின்னால் ஒரு கேலி எழுந்தது.

"புருடென்சியோ மக்சீனோ. பதிவுச் சான்றில் பிழை. அதற்குப் பதிலாக ஞானஸ்நானச் சான்று…"

அங்கேயே நின்றுவிட்டார். அவர் இடது கை விரல்கள் மேசைமேல் ஒவ்வொன்றாக மடங்கின. ஐந்தும் மடங்கியபின் மறுபடி விரிந்தன. கண்ணாடியைக் கழற்றினார். டென்சியோவைப் பக்கத்தில் வரச் சொல்லி விரலை அசைத்தார்.

"அந்த வருஷம் உனக்கு இருபது," என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

டென்சியோ ஆமென்று தலையை அசைத்தார்.

"இத்தனை வருஷமா என்னை அண்ணேன்னு கூப்பிட்டே." கொஞ்சம் நிறுத்தினார். "கூப்பிட்டீங்களே."

காகிதத்தைத் திரும்பவும் பார்த்தார். சுவரில் இருந்த கொட்டை எழுத்தைப் பார்த்தார். பிறகு டென்சியோவின் முழங்கால்களைப் பார்த்தார்.

"எழுத்தர் தப்புன்னே போட்டு எடுத்துக்கிறேன். இது இந்த ஃபைலுக்குள்ளயே கிடக்கட்டும். உங்களுக்கு இருபதா இருந்தா என்ன, பதினேழா இருந்தா என்ன? ரெண்டு பந்தையும் விட்டது நான்தானே. போய் ஆடுங்க."

முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார். அவ்வளவுதான், அது இறங்கிவிட்டால் டென்சியோவுக்கு முப்பத்தைந்தாவது ஜெர்சி. எட்டாம் நம்பர் என்று ருஃபோ ஏற்கெனவே தையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

பின்வரிசையிலிருந்து ருஃபோதான் கத்தினான். "என்ன மின்டிஸ், கூட்டல் கழித்தல்லயும் குறி தப்புதா?"

நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. ஹில்யோவும் சிரித்தார், வழக்கம்போல மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற டென்சியோ அந்தச் சிரிப்பை இவ்வளவு கிட்டத்தில் இதற்கு முன் பார்த்ததில்லை. முத்திரை மைப்பெட்டியிலிருந்து எழவே இல்லை. அதைப் பிடித்திருந்த விரல்கள் நுனிவரை வெளுத்திருந்தன.

டென்சியோ மேசையிலிருந்து இரண்டு அடி பின்னால் எடுத்து வைத்தார். மேசைக்கு நேர் எதிரே நின்றார். வலது கையைத் தூக்கினார், முழங்கை மடங்காமல், காதோடு ஒட்டி, நேராக.

முதலில் சிரிப்பு இன்னும் பெரிதானது. யாரோ "கை! கை! கை!" என்று பழைய தாளத்தைப் போட்டார்கள். "என்ன ஃபவுல்டா? ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல!" என்றான் ருஃபோ. டென்சியோ எப்போது வானத்தைக் கூப்பிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கூப்பிடவில்லை. தாளம் ஒவ்வொரு கையாகக் குறைந்து நின்றது.

"இது பழைய ஃபவுல்," என்றார் டென்சியோ. "இலாயாவோட ஆடின அந்த இறுதி ஆட்டத்துல எனக்கு வயசு இருபது. எழுத்தர் தப்பு இல்ல. தெரிஞ்சேதான் ஆடினேன். ஹில்யோ முழங்கையைப் பிடிச்சு இழுத்ததும் நான்தான். பத்து நிமிஷம் அவரை நிக்க வச்சதும் நான்தான்."

நெல்லில் இறங்கிய புறாக்களின் சத்தம் கேட்டது. ருஃபோ எழுந்து நின்றான். அவன் கை தானாகச் சாவிக்கொத்தைத் தடவியது. மெடலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கையை இறக்குங்கண்ணே," என்றார் ஹில்யோ. "எல்லாரும் பார்க்கிறாங்க."

"எழுதுங்க."

"இறக்குங்க. எழுதினா ரெண்டு வருஷம் போயிடும்."

"மொதல்ல நீங்க எழுதுங்க."

ஹில்யோ மேசைமேல் பேனாவைத் தேடினார். காகிதங்களைத் தூக்கிப் பார்த்தார். ஃபைலுக்கு அடியில் பார்த்தார், குனிந்து தரையில் பார்த்தார். பேனா அவர் காதில்தான் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அவர் தேடிக்கொண்டே இருந்தார். டென்சியோ கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.